தானாகப் பற்றிய துணி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் திருமதி புஷ்பவல்லி அம்மையார் அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிள்ளான் மாரியாயி அம்மாள் அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் வாழ் சகோதரர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் கனத்த மனத்தோடு வணக்கம்.

நான் பழனியப்பன். ரயில்வே வண்டிப் பட்டறையில் மேஸ்திரி, இந்தச் சங்கத்துக்குக் காரியதரிசி. நான் கோபக்காரன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இன்றைக்குத் தெரிந்துவிடும். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள், இரசாயன ஆசிரியர் உயர்திரு ரெங்கசாமி பி.ஏ. அவர்களை விதி கொண்டுபோய்விட்டது என்றார்கள். விதியா? அவரைக் கொண்டுபோனது ஒரு தகர டின்னில் எறிந்து வைத்த எண்ணெய்த் துணி. விரித்துக் காயப்போடுங்கள் என்று அவரே இரண்டு முறை கடையேறிப் போய்ச் சொல்லியும், யாரும் விரிக்காத துணி. அதைப் போய் விதி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆசிரியர் ரெங்கசாமி அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்ணெய்தான் அவருக்குப் பிள்ளை என்று அம்மையாரே கேலி செய்வார். யூனுஸ் பாய் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனாலும் முதலில் வடைச் சட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார். "பாய், எண்ணெய் நுரை கட்டிருச்சு, மாத்திருங்க" என்பார். இந்த மனுஷனுக்குத் தேநீர் ஓசியில் கொடுத்தாவது வாசலிலேயே உட்கார வைக்க வேண்டும் என்று பாய் புலம்புவார். பாய் அதோ கடைசி பெஞ்சில் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். ஆனால் எண்ணெயை மாற்றிவிடுவார். ஏனென்றால் ஆசிரியர் சும்மா சொல்லமாட்டார், காரணத்தோடு சொல்வார்.

அந்தக் காரணத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து என்ன பயன்? நம் வீட்டில் நல்லெண்ணெய் நாள்பட்டால் காறிப்போகிறது. ஏன்? காற்றில் இருக்கும் பிராணவாயு எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அதைச் சிதைக்கிறது. தேங்காயெண்ணெயில் இது இன்னும் மெதுவாக நடக்கும். ஆனால் நாற்காலிக்கும் மேசைக்கும் பூசுகிறோமே ஆளிவிதை எண்ணெய், அது பிராணவாயுவை ஆவலாகக் குடிக்கிற எண்ணெய். ஈரத் துணி காய்வது போல அது காய்வதில்லை. குடித்துக் குடித்தே தோலாக இறுகுகிறது. குடிக்கும்போது சூடு பிறக்கிறது. பலகையில் மெல்லப் பூசினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். துணியை அதில் நனைத்துக் குவித்து வைத்தால் எங்கே போகும்? உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாகக் குடிக்கும், இன்னும் சூடாகும். கடைசியில் தீக்குச்சி இல்லாமல், சுருட்டு இல்லாமல், யாருடைய கையும் படாமல் துணி பற்றிக்கொள்ளும்.

இதை முப்பத்திரண்டாம் வருஷம் நம்மில் யார் நம்பினோம்?

அந்த வருஷம் கிள்ளானில் ஒரு நாற்காலிப் பட்டறை எரிந்தது. பரண்மேல் படுத்திருந்த ஒரு தொழிலாளியும், அவரை எழுப்ப உள்ளே ஓடிய ஜாகாக்காரர் அய்யாவும் கருகிப் போனார்கள். காவலுக்கு இருந்தவர் அய்யாவு. அவர் சுருட்டுப் பிடிப்பவர். இந்த இரண்டும் போதாதா நமக்கு? சுருட்டைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து மறுத்துச் சொல்லவா முடியும்? அவர் மனைவி மாரியாயி அம்மாளைக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. நெருப்பு வைத்தவன் பெண்டாட்டி என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் இந்தச் சங்கத்துக்கு வந்து இதே மண்டபத்து வாசலில் நின்று சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது.

"அவரு சுருட்டுக் குடிப்பாருங்க, இல்லேன்னு சொல்லல. அன்னிக்குப் பல்லு வலி. கிராம்பை வாயில அடக்கிக்கிட்டுத்தான் வேலைக்குப் போனாரு. எனக்குக் காசு வேணாங்க. அவரு பேரைச் சொல்லுறப்ப நெருப்பு வெச்சவன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

பெண்டாட்டி புருஷனைக் காப்பாற்றாமல் என்ன செய்வாள் என்று சொல்லி நாம் கலைந்து போனோம். பட்டறையில் கிடந்த துணிதான் தானாகப் பற்றியிருக்கும் என்று ஆசிரியர் சொன்னபோது, எண்ணெய்த் துணி தானாகப் பற்றுமாம், என் வீட்டு விளக்குத் துடைக்கிற துணி எத்தனை வருஷமாகக் கிடக்கிறது, அது பற்றவில்லையே என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டில் இருப்பது நல்லெண்ணெய், பட்டறையில் இருந்தது ஆளிவிதை எண்ணெய். இரண்டும் எண்ணெய்தானே என்று நாம் நினைத்தோம். அந்த ஒரு நினைப்புதான் அய்யாவுவின் பெயரைக் கொன்றது.

ஆசிரியர் மட்டும் கலைந்து போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் திடலில் இரண்டு மரப்பெட்டிகளை வைத்தார். ஒன்றில் தேங்காயெண்ணெய்த் துணி, மற்றதில் ஆளிவிதை எண்ணெய்த் துணி. வந்தவர்கள் எல்லாரும் தீப்பெட்டியை யூனுஸ் பாயிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். வெயிலில் காத்திருந்தோம். பொழுது சாய்ந்தது. பெட்டி இரண்டும் பச்சைத் தண்ணீராகக் கிடந்தன. "வாத்தியாரே, பெட்டி கொதிச்சா சொல்லுங்க, நாலு பஜ்ஜி போட்டுக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, திடலே சிரித்தது. மாரியாயி அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். அவருக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் அந்தச் சிரிப்போடு போயிற்று.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ரெங்கசாமி அவர்கள் பெட்டியைப் பிரித்துத் தம் தப்பைத் தாமே கண்டுபிடித்தார். துணியைக் காலால் மிதித்து இறுக்கித் திணித்திருந்தார். பிராணவாயு உள்ளே போக இடமே இல்லை. விரித்தால் சூடு தங்காது, இறுக்கினால் காற்று புகாது, வேலை முடித்துப் போகிறவர் மூலையில் எறிவது போலக் கிடந்தால்தான் ஆபத்து. அடுத்த ஞாயிறு அப்படியே தளர்வாகப் போட்டார். சிரிக்க வந்தவர்கள் முன்னைவிட அதிகம்.

பிற்பகலில் ஒரு காரமான வாடை வந்தது. கண் எரிந்தது. ஆசிரியர் யாரையும் பெட்டியிடம் விடவில்லை. மாரியாயி அம்மாளைக் கூப்பிட்டார். "அம்மா, நீங்கதான் முதல்ல கை வைக்கணும்" என்றார். அந்த அம்மாள் தேங்காயெண்ணெய்ப் பெட்டியைத் தொட்டார், ஒன்றும் இல்லை. மற்றப் பெட்டிக்குள் கையை விட்டார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதுங்க" என்றார். "நெருப்பே இல்லாம சுடுதுங்க."

கொஞ்ச நேரத்தில் இடுக்கெல்லாம் புகை கிளம்பியது. ஆசிரியர் ஒரு நீண்ட கழியால் மூடியைத் தள்ளினார். காற்றுப் பட்டதும் குப்பென்று எரிந்தது. அந்த அம்மாள் ஓவென்று அழுதார். அதற்குப் பிறகு குழாயடியில் அவருக்கு வழிவிட்டார்கள். அய்யாவு என்ற பெயரை வெறும் அய்யாவு என்றே சொன்னார்கள்.

பிறகு என்ன செய்தோம்? மறந்தோம். ஆசிரியர்தான் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் பட்டறை பட்டறையாகப் போவார், துணிக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். துணிக்குக் காய்ச்சல் பார்க்கிறார் என்று பையன்கள் சொல்வார்கள். சொல்லட்டுமே என்பார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், இந்தத் தெரு முனையில் இருக்கும் நாற்காலிக் கடையில் அதே காரமான வாடை வந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேர் மேலே படுத்திருந்தார்கள். ஆசிரியர் ஏறிப் போய் அவர்களை உதைத்து எழுப்பி வெளியே தள்ளினார். பிறகு திரும்பி உள்ளே போனார். ஏன் போனார் என்று கேட்கிறீர்களே, நான் சொல்கிறேன். புகைந்த டின்னுக்குப் பக்கத்தில், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் டர்பன்டைன் அடுக்கியிருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் இருக்கிற வீடு. டின்னைத் தூக்கிச் சாக்கடையில் போட நினைத்தார். வெளிக்காற்றுப் பட்டால் குப்பென்று பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? நமக்கெல்லாம் காட்டியவரே அவர்தானே! தெரிந்தே தூக்கினார். வாசலைத் தாண்டும்போது பிடித்தது. அவர் டின்னைக் கீழே போடவில்லை. சாக்கடை வரைக்கும் கொண்டுபோய்த்தான் போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். இரண்டு கையும் துணிச் சுற்று. பேச்சு வந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பழனி, கடைக்காரரைத் திட்டாதீங்க. கெட்டவரு இல்ல, மறந்துட்டாரு. எல்லாரையும் கைய உள்ள விட்டுப் பாக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான். மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

ஆசிரியர் ஐயா, நீங்கள் கேட்டுக்கொண்டபடி அந்தக் கடைக்காரரை நான் திட்டவில்லை. ஆனால் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்பதைச் சபை கேட்க வேண்டும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகள் பளபளப்பாக இருக்கின்றன, பார்த்தீர்களா? மாலை போட்ட அவர் படத்தின் சட்டமும் மின்னுகிறது. அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று இன்று காலை நம் தொண்டர்கள் ஆசையோடு எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். ஆளிவிதை எண்ணெய். நான் மேடை ஏறுவதற்கு முன்னால் துடைத்த துணி எங்கே என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நானே தேடினேன். இதோ, தலைவர் ஐயா உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நேர் கீழே, இந்த மேடைக்கு அடியில், ஒரு சாக்குக்குள் தளர்வாகக் குவிந்து கிடந்தது. கையை உள்ளே விட்டேன்.

சுட்டது.

யாரும் எழுந்திருக்க வேண்டாம். துணி இப்போது வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எழுந்து நின்று கை தூக்கி உறுதி சொல்வது வழக்கம். இன்றைக்குத் தூக்க வேண்டாம். தூக்குகிற கையை அவரவர் பட்டறை மூலையில் கிடக்கும் துணிக்குள் விடுங்கள். நாளை முதல் மாலை தோறும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு நான் போகிறேன். கிள்ளான் பட்டறைகளுக்குத் தாமே போவதாக மாரியாயி அம்மாள் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரெங்கசாமி ஐயா, உங்களுக்கு அஞ்சலி செய்யக் கூடிய கூட்டத்தையே கொளுத்த இருந்தோம். இன்றைக்கு எரியவில்லை. அதைத் தவிர உங்கள் படத்தின் முன்னால் வைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.