சுடாத தட்டு

காலைத் திருப்பலிக்கும் மாலைத் திருப்பலிக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச ஓய்வையும் நமக்கே கொடுத்து, விழாவுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அன்செல்மோ அவர்களே! தன் சாப்பாட்டுக் கடையை நகரத்திலேயே முதல் கடை என்று பத்திரிகை போற்றிப் புகழ, பாராட்டுக் கேடயம் பெறுவதற்காகப் புதுச்சட்டையோடு வீற்றிருப்பவரே, என் மகனுக்கு ஞானத்தகப்பனே, அந்த உறவின் உரிமையால் கொம்பாத்ரே என்று நான் வாய்நிறைய அழைக்கும் ஃபெர்மின் பெர்லாங்கா அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையை முழுவதும் பிடித்திருக்கும் மூத்தோரே! விடியுமுன் எழுந்து, மாவு பிசைந்து, மண்டபமே மணக்க மணக்கத் தமாலே அவித்து வைத்திருக்கும் தாய்மாரே! கப்பல் கால்வாயின் கரையிலே கயிறு இழுத்துக் கைகாய்த்துப் போன தோழர்களே! என் மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போய், இன்று மீசையும் தொப்பையுமாக வந்து உட்கார்ந்திருக்கும் என் பழைய பயணிகளே! அனைவருக்கும் அமான்சியோ கிரோகாவின் பணிவான வணக்கம்.

டெக்சஸ் மண்ணில் பிறந்த நம் மெக்சிகன் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். 'ஹூஸ்டன் நகரில் எனக்குப் பிடித்த டெக்ஸ்-மெக்ஸ் கடைகள்.' கடைகள். பன்மை. பன்மையில் பேச எனக்கும் ஆசைதான், பெரியோர்களே. ஆனால் பன்மை எங்கே இருக்கிறது? படியேறும்போது தந்தை என் தோளைத் தட்டி, "பத்தே நிமிஷம் அமான்சியோ, சந்தோஷமா நாலு வார்த்தை பேசிட்டு இறங்குங்க" என்றார். பத்து நிமிடத்துக்கு நான் பொறுப்பு, தந்தையே. சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்லை.

கடைசி வரிசையில் யாரோ "தமாலே ஆறிப் போகுது" என்கிறார்கள். பாட்லான், உன் குரல் எனக்குத் தெரியாதா? பஸ்ஸிலும் நீ கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைத்தானே சொன்னாய். கொஞ்சம் பொறு.

எனக்குப் பிடித்த முதல் கடை, பழைய ரயில் பாலத்தடியில் இருந்த 'லா கோல்ந்த்ரினா'. என்ன ஆயிற்று அந்தக் கடை? நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். அந்த அகலத்துக்குள்ளே கடை போய்விட்டது. இன்று அதன் சமையற்கட்டின் மேல் லாரிகள் ஓடுகின்றன. அதைப் பற்றி நான் அழுது முடித்துவிட்டேன். இடித்துத் தள்ளப்பட்ட கடைக்காகக் கோபப்படலாம், கொடி பிடிக்கலாம், கோஷம் போடலாம். ஆனால் வெட்கப்பட்டே செத்துப்போன கடைக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அப்படிச் செத்தது சாரகோசாவின் கடை. உங்களுக்கெல்லாம் தெரிந்த சாரகோசா, மனிதர் தங்கம். ஒரு நாள் மதியம், மெக்சிகோ சிட்டியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அங்கே சாப்பிட உட்கார்ந்தார். நான் அடுத்த மேசையில் இருந்தேன். சோளரொட்டியில் சுருட்டிக் குழம்பு ஊற்றிய எஞ்சிலாடாவைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது என்னங்க, மஞ்சளா உருகி ஓடுது?"

"சீஸுங்க, சார்."

"மேல ஊத்தியிருக்கிறது?"

"மிளகாய்க் குழம்புங்க. சீரகம் போட்டு, மாவைச் சிவக்க வறுத்து..."

"எங்க பக்கம் இதைச் சாப்பாட்டுல சேர்க்கவே மாட்டாங்களே. பேரும் மெக்சிகன்னு வச்சுட்டீங்க. அசலாப் போடலாமே நீங்க?"

அசல். அந்த ஒரு சொல் சாரகோசாவின் நெஞ்சில் தைத்துவிட்டது. மஞ்சள் சீஸை நிறுத்தினார். மிளகாய்க் குழம்பை நிறுத்தினார். வாயில் நுழையாத பெயரில் வகைவகையாய்ச் சமைத்தார். பலகையில் 'அசல் மெக்சிகோ உணவு' என்று எழுதி வைத்தார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? எல்லை தாண்டிப் புதிதாய் வந்த பையன்கள் நாலு பேர், வேலை முடிந்து வேர்வை காயாமல் வந்து நின்றார்கள்.

"அண்ணே, அந்த மஞ்சள் சீஸ் எஞ்சிலாடா இருக்கா? ஊர்ல கிடைக்காதுன்னு சொன்னாங்க, ஆசையா வந்தோம்."

"அதை விட்டுட்டோம் தம்பி. இப்ப எல்லாமே அசல்."

"அசலை எங்கம்மாவே செய்வாங்களேண்ணே."

நாலு பேரும் போய்விட்டார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன். அடுத்த குளிர்காலம் வருமுன் கடையைச் சாத்திவிட்டு, சாரகோசா டல்லாஸில் மகள் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டார். போனில் கூப்பிட்டால் மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

நான் கேட்கிறேன், அசல் என்றால் என்ன? அப்பனும் பாட்டனும் இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணிலே பருத்தி பொறுக்கி, இந்த மண்ணிலே கிடைத்த சீஸை, இந்த மண்ணிலே விளைந்த மிளகாயோடு சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டார்களே, அவர்கள் பசி போலியா? அவர்கள் நாக்கு போலியா? பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினாய் என்று அடித்தார்கள். எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போனால், நீ பேசுவது ஸ்பானிஷே இல்லை என்று சிரித்தார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று அலைந்த நமக்கு, ஆமாம், இது நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தட்டு இருந்ததே! அதையும் நாமே அல்லவா வழித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம்?

கை தட்டாதீர்கள். கை தட்டும் விஷயம் இல்லை இது.

இனி மூன்றாவது கடை. எனக்குப் பிடித்த கடைகளில் எஞ்சி நின்ற ஒரே கடை. கொம்பாத்ரே, உன் கடை.

ஃபெர்மினின் மகள் மிரேயா படித்த பெண், சமையல் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண். அவள் மீது எனக்குக் கோபமில்லை. ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய கை இது. போன வசந்தத்தில் அவள் சொன்னாள். "அப்பா, டெக்ஸ்-மெக்ஸ்னா எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா. அந்தப் பேரே வேணாம்." ஃபெர்மினுக்கு மகள் சொல்லே வேதவாக்கு. மஞ்சள் சீஸ் போயிற்று. மிளகாய்க் குழம்பு போயிற்று. கத்திக் கத்திப் பரிமாறிய தேயோ, சத்தம் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பாராட்டினார்கள். நகரத்தின் முதல் கடை ஆயிற்று. அதற்குத்தான் இன்று கேடயம், அதற்குத்தான் இந்த மேடை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவி டெல்ஃபினாவை உங்களுக்குத் தெரியும். இந்தப் பாடகர் குழுவில் பாடியவள். சில ஆண்டுகளாக அவளுக்கு நினைவு நிற்கவில்லை. முதலில் சாவியை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், பிறகு பெற்ற மகனை மறந்தாள். கடைசியில் என்னை மறந்தாள். காலையில் நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால், "ரொம்ப நன்றிங்க, நீங்க யாருங்க?" என்று கேட்கிறாள். மரியாதையாகக் கேட்கிறாள், ஐயா. இத்தனை வருஷக் கல்யாணத்தில் 'கிழவா' என்பதைத் தவிர வேறு பெயரில் என்னைக் கூப்பிடாதவள், 'நீங்க' என்கிறாள். திட்டினால் தாங்குவேன். இந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் புதன்கிழமை என்று ஒன்று இருந்தது. புதன் என்றால் எஞ்சிலாடா நாள், நம் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லும். புதன்தோறும் அவளை ஃபெர்மினின் கடைக்கு அழைத்துப் போவேன். பட்டியலில் இரண்டாம் நம்பர், எஞ்சிலாடாத் தட்டு கேட்பேன். அடுப்பிலிருந்து நேரே வரும் அந்த நீள்வட்டத் தட்டு, ஓரமெல்லாம் குழம்பு கொதித்துக்கொண்டே வரும். தேயோ துணியால் பிடித்துக்கொண்டு வந்து, கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். "தொடாதீங்க, தட்டு சுடும்."

அவன் அப்படிச் சொன்ன பிறகு நாம் என்ன செய்வோம்?

தொடுவோம். இந்த மண்டபத்தில், தேயோ சொன்ன பிறகும் தட்டைத் தொடாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, ஒரு கை இல்லை. தந்தையின் கைகூட மடியிலேயே இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவனும் தொட்டான், ஆஸ்பத்திரி நர்ஸும் தொட்டாள். அது என்ன பழக்கமோ, நம் ஜனத்துக்கு அந்தத் தட்டைத் தொட்டுப் பார்க்காமல் சாப்பாடு இறங்காது.

டெல்ஃபினாவும் தொடுவாள். ஒரு விரலால் தொட்டு, வெடுக்கென்று இழுத்து, அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அப்போது, பெரியோர்களே, அப்போது அவள் கண்ணில் நான் இருப்பேன்.

"கிழவா, சுட்டுருச்சுடா."

"தேயோதான் சொன்னானே, கேட்டியா?"

"அவன் சொன்னா ஆச்சா? தொட்டாத்தானே தெரியும்."

அவ்வளவுதான். தட்டு ஆறும்வரை அவள் என்னோடு இருப்பாள். மகன் வேலைக்குப் போனானா என்பாள், நீ இளைத்துவிட்டாய் என்பாள், எதிர்மேசைக்காரி கூந்தலுக்குச் சாயம் அடித்திருக்கிறாள் என்று என் காதைக் கடிப்பாள். தட்டு ஆறும், அவள் போய்விடுவாள். அடுத்த புதன்கிழமைக்காக நான் காத்திருப்பேன். வாரம் ஒருமுறை எனக்கு மனைவி இருந்தாள். அது போதும் என்று வாழப் பழகிக்கொண்டேன்.

கடை மாறிய பிறகு முதல் புதன்கிழமையும் போனோம். ஒரு பெண் வந்து மெல்லிய குரலில் ஏதோ சொல்லி, அகலமான வெள்ளைத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். அழகான தட்டு. நடுவிலே ஒரு பிடி சாப்பாடு, சுற்றிலும் பச்சை நிறத்தில் ஒரு கோலம். டெல்ஃபினா விரலை நீட்டினாள். தொட்டாள். தட்டு குளிர்ந்திருந்தது. மறுபடியும் தொட்டாள். பிறகு உள்ளங்கையையே அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "வீட்ல என்னைத் தேடுவாங்க. கொண்டுபோய் விடுறீங்களா, சார்?" என்றாள்.

கொம்பாத்ரே, எழுந்திருக்க வேண்டாம். என்ன சொல்கிறாய்? ஒலிபெருக்கியில் சொல், எல்லோரும் கேட்கட்டும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, கொம்பாத்ரே? நாளைக்கே கூட்டிட்டு வா. நானே அடுப்புல நின்னு செஞ்சு தர்றேன்."

கேட்டீர்களா? இவன் நல்லவன். நல்லவர்கள்தான் இதையெல்லாம் செய்கிறார்கள், அதுதான் என் துயரம். ஃபெர்மின், உன்னிடம் கேட்குமுன் நானே செய்து பார்த்தேனடா. தேயோவை வீட்டுக்கு அழைத்தேன். அவனுடைய மனைவியே குழம்பு வைத்துக் கொடுத்தாள். என் அடுப்பிலே தட்டைக் காய வைத்தேன். தேயோ தன் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, என் சமையலறையில் நின்று, "தொடாதீங்க, தட்டு சுடும்" என்று கத்தினான். டெல்ஃபினா தொட்டாள். விரலை இழுத்துக்கொண்டாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் என்னைச் சுடுறீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டு அழுதாள். தேயோவும் அழுதான்.

அங்கே குழம்பு இருந்தது, தட்டு இருந்தது, குரலும் இருந்தது. கடை இல்லை. அத்தனை மேசைகள் இல்லை, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டு 'ஸ்ஸ்' என்று கையை உதறும் சத்தம் இல்லை. ஒருவன் ஒருத்திக்காகச் செய்து தரக்கூடிய பொருள் இல்லை அது, கொம்பாத்ரே. ஒரு ஜனமே வெட்கமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது உண்டாகும். நமக்கு வெட்கம் வந்துவிட்டது. இனி நீ மஞ்சள் சீஸை உருக்கி ஊற்றினாலும் அது எனக்குத் திரும்பாது. நாளைக்கு அவளை அழைத்து வருகிறேன், நீ கூப்பிட்டாய் என்பதற்காக வருகிறேன். நம்பிக்கையோடு வருகிறேன் என்று இந்த மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன்.

கேடயத்தை வாங்கிக்கொள். உழைத்தவன் நீ, உனக்கு உரியது. சோளரொட்டி சுட்டுச் சிவந்த கையால் வாங்கிக்கொள். எனக்குப் பிடித்த கடைகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள், பேசிவிட்டேன். அந்தத் தலைப்பில் இனி யாரையும் பேசக் கூப்பிடாதீர்கள். யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

பத்து நிமிடத்தைத் தாண்டியும் மணி அடிக்காத தந்தைக்கு நன்றி. ஆறிப்போன தமாலேயைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. பாட்லான், உனக்கும் நன்றி, கண்ணைத் துடைத்துக்கொள்.

இரண்டாம் வரிசையில் என் மருமகளுக்குப் பக்கத்தில், நீல கவுன் அணிந்த ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கதை முழுவதையும் கவனமாகக் கேட்டார்கள். இப்போது கைக்குட்டையை எடுத்துக்கொண்டு என் மருமகளிடம் ஏதோ சொல்கிறார்கள். இங்கிருந்தே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். "பாவம் அந்தப் பொம்பளை" என்கிறார்கள்.

ஆமாம், அம்மா. பாவம்தான். என்னை முன்பின் பார்த்ததில்லை என்று நினைக்கிறீர்கள், பரவாயில்லை. என் பெயர் அமான்சியோ. தங்களுக்கு என் வணக்கம்.