அண்ணாச்சி ஊத்துன சொட்டு நீலம்

மேடையில உக்காந்திருக்கிற குடியிருப்போர் சங்கத்துப் பெரியவங்களே, முன்வரிசையில அழுது ஓஞ்சு போயிருக்கிற எங்க அண்ணாச்சி வீட்டம்மா புஷ்பம் மதினி, ஞாயித்துக்கிழமை காலையில இந்த கார் நிறுத்துற எடத்துல கூடியிருக்கிற தாய்மாரே, தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். மூணாவது மாடி முத்துலட்சுமி பேசுறேன். எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சேன். மேடைப் பேச்சு வராது. ஆனா பேச்சு வரும், அது உங்களுக்கே தெரியும். முருகா, நாக்குல நின்னு பேச வை.

பின்னாடி பேனரைப் பாருங்க. சங்கத்தோட முன்னாள் தலைவர், பாத்திரக்கடை அய்யாதுரை அண்ணாச்சி 'இயற்கை எய்தினார்'னு போட்டிருக்கு. இயற்கையா? எது இயற்கை? ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என்ன சொன்னாங்க? கெட்ட தண்ணி உள்ள போயி வந்த மஞ்சக்காமாலைன்னாங்க. அந்தத் தண்ணி வானத்துலேர்ந்தா வந்துச்சு? இந்தா கெடக்கே பச்சை ட்யூபு, இது வழியா வந்துச்சு!

அண்ணாச்சிக்கு ரங்கநாதன் தெருவுல கடை. நம்ம எல்லார் வீட்டுக்கும் குடம் வித்த மனுசன், குடத்துல ஊத்துற தண்ணியையும் சேத்து யோசிச்சாங்க. அதான் அவங்க செஞ்ச தப்பு.

இந்தா நிக்குதே, இந்த டிரம்முல கார் தொடைக்கிற துணியை முக்கி அலசுவாங்க. தெரு லைன் குழாய்ல மாட்டுன ட்யூபு உள்ளயே முங்கிக் கெடக்கும். ஒரு நாள் அண்ணாச்சி பாக்காங்க, நெறைஞ்சிருந்த டிரம்மு பாதி ஆயிட்டு.

"நாகராஜ், தண்ணியை யாருப்பா எடுத்தா?"

"இன்னா சார், என்னாண்ட கேக்குற? டிரம்மைத் தூக்கி நான் குடிச்சிட்டனா?"

வாட்ச்மேன் நாகராஜ் சொன்ன பதிலுக்கு அண்ணாச்சி அப்படிச் சிரிச்சாங்க. அப்புறம்தான் மேல பாத்தாங்க. முதல் மாடியில மோட்டார் ஓடுது. தெரு லைன்லயே நேரா மாட்டுன மோட்டாரு! லைன்ல தண்ணி பத்தலேன்னா, அது இழுக்குற இழுப்புல டிரம்மு அழுக்குத் தண்ணி ட்யூபு வழியா குழாய்க்குள்ள திரும்பிப் போகுது.

சொன்னா யாரு நம்புனா? ஒருத்தரும் நம்பல. அண்ணாச்சி என்ன செஞ்சாங்க? டிரம்முல சொட்டு நீலத்தை ஊத்துனாங்க! கொஞ்ச நேரத்துல முதல் மாடியில ஜெயஸ்ரீ அலறுது: "ஐயோ, சாமிக்குப் புடிக்கிற தண்ணி நீலமா வருதே!"

அவங்க வீட்டுக்காரரு, நம்ம செயலாளர் ராம்குமார் தம்பி, வேட்டியைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. "அண்ணாச்சி, வெளையாடுறதுக்கு ஒரு வயசு வேணாமா?"

"இன்னைக்கு நீலம் தம்பி, கண்ணுக்குத் தெரிஞ்சிட்டு. நாளைக்கு மழையில சாக்கடை பொங்கி உள்ள போனா, கண்ணுக்குத் தெரியுமா?"

அன்னையிலேர்ந்து 'நீலாண்ணாச்சி'ன்னு பேரு வச்சுச் சிரிச்சீங்க. யாரு சிரிச்சதுன்னு இப்ப சொல்லட்டுமா? வேணாம், எழவு வீடு.

அவங்க கேட்டது என்ன? உங்க சொத்தையா கேட்டாங்க? ட்யூபைத் தண்ணிக்கு மேல ஒரு சாண் தூக்கிக் கட்டுங்க. லைன்ல மாட்டுன மோட்டாரைக் கழட்டுங்க. தண்ணி திரும்பி வராம தடுக்குற வால்வு ஒண்ணு போடுங்க. அவ்வளவுதானே! தீபாவளி கழியட்டும்னீங்க. பெயிண்ட் வேலை முடியட்டும்னீங்க. வாசல் பிள்ளையாருக்கு மட்டும் உடனே கிரானைட் ஒட்டுனீங்க. நான் தெனம் தோப்புக்கரணம் போடுற பிள்ளையாரு, அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கிரானைட்டு அவரா கேட்டாரு?

கார்த்திகை மழையில சாக்கடை பொங்குச்சு. தெறந்து போட்ட குழாயோட ட்யூபு அந்தத் தண்ணியிலயே கெடந்துச்சு. மேல மோட்டார் ஓடுச்சு. லைன் ஒண்ணுதானே? எல்லார் வீட்டுக்கும் அதான் வந்துச்சு.

"கேன் வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி"ன்னு நான் முன்னமே சொன்னேன். "நாகராஜ் பிள்ளைங்க இந்தக் குழாய்லதான் குடிக்குது. நானும் கேன் வாங்கிட்டா இதுக்காக யாரு சண்டை போடுவா?"ன்னாங்க. காய்ச்சித்தான் குடிச்சாங்க. பல்லு வெளக்குறதுக்கும் காய்ச்சவா முடியும்?

இன்னைக்கு மேடையில ஆளுக்கொரு பாட்டில் தண்ணி! ஏன், நம்ம குழாய்த் தண்ணி எறங்கலையோ?

அண்ணாச்சி பணியைத் தொடருவோம்னு ஒவ்வொருத்தரா பேசுனீங்க. எப்பத்துலேர்ந்து? எல்லாரும் கொஞ்சம் காதைக் குடுங்க. கேக்குதா? முதல் மாடி மோட்டாரு! இங்க அண்ணாச்சி படத்துக்கு மாலை போட்டிருக்கு, அங்க மோட்டார் ஓடுது. காலையில இந்த எடத்தைக் கழுவுன ட்யூபு அதே டிரம்முல முங்கிக் கெடக்கு.

முருகன் மேல ஆணையா சொல்றேன். இனி எந்த டிரம்முல ட்யூபு முங்கிக் கெடந்தாலும் நான் நீலம் ஊத்துவேன். யாரு வீட்டு சாமி நீலமானாலும் சரி. எனக்கு என்ன பேரு வேணா வச்சுக்கிடுங்க.

ராம்குமார் தம்பி, தலையைக் குனியாதீங்க. எந்திரிங்க. போயி அதை நிறுத்திட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த மைக்கை நான் குடுக்க மாட்டேன்.

போறாரு. போகட்டும். நாகராஜ், நீ அந்த ட்யூபை வெளிய எடுத்து மேல கட்டுப்பா. மதினி, கண்ணைத் தொடைங்க.

யாரும் இப்ப எந்திரிச்சு நிக்காதீங்க. மௌன அஞ்சலி அப்புறம். மொதல்ல அந்தச் சத்தம் நிக்கட்டும்.