பதினாறில் நாலு

பெரும்பாலான ஆட்களுக்கு நாலு கோர் உள்ள கணினி போதும். மருதனார்மடம் சந்தியில் கணினிக் கடை வைத்த இந்தப் பதினெட்டு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். இன்றைக்கும் அது பிழையில்லை. கடிதம் அடிப்பவருக்கும், படம் பார்ப்பவருக்கும், பிள்ளைகளின் சூம் வகுப்புக்கும் அதற்கு மேல் போட்டால் மிச்சம் சும்மா கிடக்கும். கோர் என்பது புரொசசருக்குள் இருக்கும் வேலையாள் மாதிரி. ஒரு தேத்தண்ணி ஊற்றப் பதினாறு பேர் எதற்கு என்று கேட்பேன். சிரித்துவிட்டு நாலு கோரையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

மானிப்பாய் பிரியந்தினி சிரிக்கவில்லை. கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் வீடியோவாகச் செய்து காட்டுவது அவளுடைய வேலை. தாய் பத்மாவதி பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. அதனால் பிரியந்தினி வீட்டை விட்டு அசைய முடியாது. நோர்வேக் கொம்பனி ஒன்று மூன்று மாதம் வேலை கொடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. தேறினால் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. அதற்காகவே தமையன் லக்ஷன் கனடாவிலிருந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் பதினாறு கோர் புரொசசர் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தான். தன் கணினியில் பொருத்திப் பூட்டித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள்.

நான் வழக்கம்போல் தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

“என்ரை வேலை கலியாண வீட்டுச் சமையல், அண்ணை. நாலு பேர் காணாது. உங்களுக்கு இந்த வேலை தெரியாதபடியால் அப்பிடிச் சொல்லுறியள்,” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நக்கலாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

பூட்டினேன். கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கத்துக்குப் போய், பதினாறில் பன்னிரண்டை நிறுத்தினேன். அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லும் போட்டேன். ஒன்றையும் களவெடுக்கவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. ஏழு நாள், ஒரு கிழமை, அவள் வித்தியாசம் தெரியாமல் பாவித்தால், எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்துவிட்டுத் திறந்து விடலாம் என்றுதான் இருந்தேன்.

நாலாம் நாளே வந்தாள்.

“இரண்டு நிமிச வீடியோவுக்கு மூண்டு நாள் எடுக்குது, அண்ணை. உள்ளுக்கை பாத்தால் நாலெண்டுதான் காட்டுது.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் கதைத்ததுதான் சரி என்று ஆகிவிடும்.

“அது அப்பிடித்தான் காட்டும், பிள்ளை. நீர் செய்யிற முறையிலைதான் ஏதோ பிழை,” என்றேன்.

வேறு கடைக்குக் கொண்டுபோயிருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒருவர் பூட்டியதை இன்னொருவரிடம் காட்டுவது முதலாமவரின் முகத்தை முறிப்பது. அண்ணை என்று கூப்பிட்ட ஆளிடம் அவள் அதைச் செய்யவே மாட்டாள். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

இன்னும் மூன்று தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்வது முந்தியதைவிடக் கஷ்டமாகிவிட்டது. ஒரு கிழமை என்றால் பகிடி, சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டு மாதத்தை என்னவென்று சொல்வது? கடைசித் தடவை, தனக்கு இந்த வேலைக்கான மூளை இல்லைப் போல என்றாள். அப்படியெல்லாம் நினைக்காதேயும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

கொம்பனி அவளை எடுக்கவில்லை. தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, கொழும்பில் மேசையிலிருந்து செய்யும் ஒரு கந்தோர் வேலைக்குப் போனாள். மகளைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் பத்மாவதியக்கா வாய் திறக்கவில்லையாம். இரண்டு மாதம் முடிவதற்கு முன்னரே இறந்துபோனார்.

லக்ஷனால் வர முடியவில்லை. செத்தவீட்டை வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நேரலையாகக் காட்டுவது இப்போது இங்கே வழக்கம். அதற்குப் பிரியந்தினி என்னைத்தான் கூப்பிட்டாள். மூன்று கமெரா. அவளுடைய கணினியையே விறாந்தையில் வைத்தேன். நாலு கோரில் படம் நின்று நின்றுதான் போகும் என்று எனக்குத் தெரியும். கடவுச்சொல்லை அடித்துப் பதினாறையும் திறந்தேன். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. தாயின் முகத்தையும், வாய்க்கரிசி போட்டதையும், தங்கை விழுந்து அழுததையும் லக்ஷன் ஓரிடத்திலும் தடங்கலில்லாமல் பார்த்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, வீட்டுக்குப் போயிருந்த என்னிடம் அவள் வந்தாள்.

“படம் ஒருக்காலும் நிக்கேல்லையாம். லக்ஷன் அண்ணா சொன்னவர்.” விறாந்தையில் இன்னும் இருந்த கணினியைக் காட்டினாள். “உந்தக் கொம்பியூட்டர் எனக்கு மட்டும் ஏனண்ணை அப்பிடி இழுத்தது?”

சொல்லத்தான் வாய் எடுத்தேன். பக்கத்தில் சனம் இருந்தது.

“கொம்பியூட்டரிலை ஒரு பிழையுமில்லைப் பிள்ளை. அது அப்பவும் இப்பிடித்தான் இருந்தது.”

“ஓமண்ணை. எனக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தால் அம்மா இருந்திருப்பா.”

“இல்லை” என்று நான் சொல்லவில்லை.