தொரை கேக்கற ஒத்த வார்த்தை

ஒத்த வார்த்தைதானேங்கறீங்க. ஆருங்க ரைட்டரே இல்லேன்னது? பங்களா வாசல்ல நின்னு தொரை மொகத்தப் பாத்து சாரின்னு சொல்லிப்போட்டா, நாளைக்கே எஸ்டேட்டு ஆளுக பேரு போடற செக்ரோல்ல மறுக்கா என்ற பேர ஆராயின்னு எழுதிருவீங்க. கூடையத் தூக்கிக்கிட்டுக் காப்பிப் பழம் பறிக்க வந்தரலாம். மூணு நாளா வேலையில்லாம உக்காந்திருக்கறவளுக்கு இது கூடவா வெளங்காது? ஆனா அது மட்டும் என்ற வாயில வராதுங்க. மொதல்ல உக்காருங்க, சாக்குப் போட்டிருக்கறேன், ஈரமில்ல.

நான் பண்ணுனது நாயம்னு சொல்லலீங்க. சேத்த அள்ளித் தொரை மூஞ்சியில எறிஞ்சேன். நெசந்தான். கண்ணாடி போட்டிருந்தாரு, கண்ணு தப்பிச்சுது. ஆனா முன்னால நடந்ததையும் சொல்லோணுமில்லீங்க? காலைல இருந்து பறிச்ச பழம், கூடை நெறைய. ரோட்டோரம் எறக்கிவெச்சுப்போட்டுத் துண்ட உதறிக் கட்டறேன், ஜீப்பு வந்து மேல ஏறிப்போச்சு. அத்தனையும் சேத்துல கூழு. எறங்கிப் பாத்தாரா? ஜீப்ப மெதுவாக்கி, தலைய மட்டும் வெளிய நீட்டி, சாரின்னாரு.

தொரையே உன்ட்ட சாரி சொன்னாரே, ஆருக்குக் கெடைக்கும்ங்கறீங்களா? அடேயப்பா! முன்னால ஒருக்கா நான் பங்களாவுல வெறகு போடப் போனப்ப தொரைசானி நாயி வால மிதிச்சுப்போட்டாங்க. அதுக்கும் சாரிதான். நாயி வாலாட்டிப்போட்டுப் போயிருச்சு. நானும் ஆட்டியிருக்கோணுமாட்ட இருக்குது. நாயி வாலுக்கும் அதே வார்த்தை, எங் கூடைக்கும் அதே வார்த்தை. அத்தாம்பெரிய பாசைல வேற ஒண்ணு கெடைக்கலீங்களா?

சிரிக்காதீங்க. கான்வென்ட்டுப் புள்ளைக ஏரிக்கரையில ஓடியாறதப் பாத்திருக்கீங்களா? இடிச்சதுக்கப்பறமா சாரிங்குதுக? இல்லவே இல்ல. சாரி சாரின்னு கத்திக்கிட்டே வந்து இடிக்குதுக. பஸ்சுல லூர்துராஜ் கண்டக்டரு இருக்கறானே, நம்மளக் கண்டதும் சாரிம்பான், விசிலடிப்பான், பஸ்சு போயிரும். மலையேறி வர்ற டவுனுக்காரன் கொய்யாக் கெளைய முறிச்சுப்போட்டு சாரிங்கறான், வாயில கொய்யா இருக்குது.

நம்மாளுக அப்படியாங்க? போன ஐப்பசியில பக்கத்துக் காட்டு அங்கப்பன் மாடு என்ற கேவுருல பூந்து பாதிய மேஞ்சுபோடுச்சு. அவன் ஒரு வார்த்தை பேசல. மக்யாநாளு அருவாளோட வந்தான், தல நிமிராம ரெண்டு நாளு வேலி கட்டுனான். நானும் ஒண்ணும் கேக்கல. களி கிண்டிப் போட்டேன், தின்னுபோட்டுப் போனான். கால் பட்டுருச்சுன்னா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறோம். இதுக்கெல்லாம் வாயி எதுக்குங்க?

என்னது? அர்த்தத்த நெனைக்காம கிளிப்புள்ளையாட்டச் சொல்லிரோணுமா? நல்லாச் சொன்னீங்க போங்க. அர்த்தம் தெரியாமத்தானுங்க ஒருக்கா அந்த வார்த்தையோட ஏமாந்து போனேன்.

என்ற ஊட்டுக்காரரு நெழல் மரத்துல கெளை கழிக்கறப்ப விழுந்தாரே, எழுபத்தெட்டுல. நீங்கதானே லாரி புடிச்சு சேலத்து ஆசுபத்திரிக்கு அனுப்பிவெச்சீங்க. இந்தத் தையோட ஆறு வருசமாகுது. வராண்டாவுல ரெண்டு நாளு பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருந்தேன். மூணா நாளு காலைல சின்ன வயசு டாக்டரு ஒருத்தரு வெளிய வந்தாரு. என்னை நேராப் பாக்கல. சாரிம்மா, அப்படின்னாரு.

எனக்கு சரிம்மான்னு கேட்டுதுங்க.

சரின்னா சரியாப்போச்சுன்னுதானுங்களே அர்த்தம்? தலைச்சோலை மலையூருல பொறந்தவளுக்கு வேறென்ன தெரியும்? நொம்ப சந்தோசமுங்க சாமி, உங்க கொலம் நல்லாருக்கோணும்னு கையெடுத்துக் கும்புட்டேன். அவரு ஒரு மாதிரி பாத்துப்போட்டு வெடுக்குன்னு போயிட்டாரு. நான் நேரா ரோட்டுக்கு வந்தேன். அப்பத்தான் பசியே தெரிஞ்சுது. டீக்கடையில ஒரு பன்னு வாங்கி, டீயில முக்கி முக்கித் தின்னேன். எங்கூட்டுக்காரருக்கு சரியாப்போச்சுங்கன்னு கடைக்காரருட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னேன். முழிச்சா அவருக்கும் பசிக்குமேன்னு இன்னொரு பன்னு கட்டி வாங்கிக்கிட்டேன்.

உள்ள வந்து பாத்தா, கட்டில்ல ஆளில்ல.

ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. புருசன் செத்துக் கெடக்கறப்ப பன்னு தின்னவள்னு பேராயிருமில்ல. கூடை போனதுக்கா நான் சேத்த எறிஞ்சேங்கறீங்க? கூடை கெடக்குதுங்க, நாளைக்கு வேற மொடஞ்சுக்கலாம். தொரைகிட்டச் சொல்லுங்க. மன்னிச்சுப்போடுங்கன்னு நூறு தடவ தமிழ்ல சொல்றேன், அவரு ஜீப்பையும் கழுவித் தாரேன். வேலைக்கு எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். அந்த வார்த்தைக்கு மட்டும் என்னைக் கூப்படாதீங்க ரைட்டரே. அதக் கேட்டா இன்னும் அந்தப் பன்னு நாக்குல இனிக்குதுங்க.