நிலைக்காலில் பெயரில்லாத கோடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னல் அப்படியே இருக்கட்டும், காற்று வரட்டும். இது என் நண்பருடைய அத்தானுக்கு நடந்தது. நண்பர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அத்தானுக்குப் பொய் சொல்லவே வராது.

சாயங்காலம் ஆறரை மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஏரிக்கரைச் சாலையில் ஈ காக்கை இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர் மட்டும் பறந்து வந்தது. ஓட்டியவர் அந்த அத்தான். மருந்துக்கடைக்காரர். எறும்பைக் கண்டால்கூட பிரேக் பிடிக்கிற மனுஷர், அன்றைக்குக் கண்மண் தெரியாமல் ஓட்டினார். வீட்டுக்குப் போய் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு பென்சில் கோடு.

ஏன் என்று சொல்கிறேன்.

அவருக்கு ஒரு பைத்தியம். கடையைச் சாத்தியதும் குடும்பத்துப் பழங்கதையைத் தோண்ட உட்கார்ந்துவிடுவார். யார் யாருடைய பிள்ளை, யார் எந்த அறையில் பிறந்தார், பின்கட்டுக் கிணற்றை மூடியது யார்... உறவுக்காரர் வீட்டில் அவர் தலை தெரிந்தாலே, "போலீஸ் வந்தாச்சு, வயசை ஒளிச்சு வைங்க!" என்று பெண்கள் கத்துவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் சாட்சி இல்லாத எதையும் ஏற்கமாட்டார். அதில் ரொம்பக் கறார்.

அவர் வளர்ந்தது வேறு ஊரில். இப்போது இருந்தது முன்னோர் கட்டிய வீட்டில். வீட்டின் வயதைப் படிக்க அவர் கண்ட வழி, பெயின்ட்டைச் சுரண்டுவது. சமையலறைக் கதவின் நிலைக்காலில் பிளேடை வைத்துப் பொறுமையாகச் சுரண்டினார். மேலே வெள்ளை. அதற்கடியில் பச்சை. அதற்கும் அடியில் நீலம். ஒவ்வொரு நிறமும் ஒரு தலைமுறை. ஒவ்வொன்றிலும் பென்சில் கோடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகளை வருஷா வருஷம் நிற்கவைத்து உயரம் குறித்தவை. பக்கத்தில் பெயரின் முதலெழுத்து. அப்பா, சித்தப்பா, தாத்தாகூட இருந்தார்... மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கோட்டுக்கு மட்டும் எழுத்து இல்லை.

வெள்ளையில் இருந்தது. பச்சையில் இருந்தது. நீலத்திலும் இருந்தது. எல்லாவற்றிலும் அதே உயரம். மயிரிழை பிசகவில்லை.

"தச்சன் எவனாவது போட்ட குறியா இருக்கும். சாட்சி இல்லை, விடு" என்றார் மனைவியிடம். ஸ்கேலை ஒட்டிவைத்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு, வீட்டைக் கட்டின நாளில் இருந்தபடி ஆக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டு வெறும் மரம் வரை தேய்த்தார். வார்னிஷ் அடித்தார். ஏழு வயசு மகளை நிற்கவைத்துப் புதுக்கோடு ஒன்று போட்டார். அது எந்த உயரத்துக்குச் சமம் என்று பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு.

அன்று ராத்திரியிலிருந்து சமையலறைப் பக்கம் ஒரு சத்தம்.

டக்... டக்.

"புது வார்னிஷ். மரம் இழுக்குது" என்றார்.

முதலில் கண்டுகொண்டது மனைவிதான். "ஏங்க, இவளுக்கு நகம் வெட்டி எத்தனை மாசமாச்சு தெரியுமா?"

வெட்டத் தேவைப்படவே இல்லை. தலைமுடியும் அப்படியே நின்றது. பல் விழுந்த இடத்தில் வெறும் ஈறு. "அப்பா, கிளாஸ்ல எல்லாரும் என்னைக் குனிஞ்சு பாக்கறாங்க" என்று அழுதாள். அப்புறம் அழுவதையும் விட்டாள். வாயாடிப் பெண், நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறு இறங்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் பிடித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் பிள்ளை கரைந்துகொண்டிருந்தாள். பிறந்தநாளன்று தூக்கி நிறுத்தி அளந்தார். போன வருஷத்துக் கோடேதான். அப்போதுதான் சந்தேகம் வந்து, பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தார்.

எழுத்தில்லாத அந்தக் கோடும் அதே உயரம்.

அந்த வீட்டில் வளர்ந்தவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு அத்தை, ஏரிக்கு அந்தப்பக்கம் முதியோர் இல்லத்தில். அன்று சாயங்காலமே போய்ப் போட்டோவைக் காட்டினார்.

"அட, நம்ம வீட்டு நெலை! இது நானு. இது உங்கப்பன்... குதிகாலைத் தூக்கிக்கிட்டு நிப்பான், திருட்டுப் பய."

"இந்தக் கோடு யாரு அத்தை?"

"அது கடைசியாப் போடறது. நாங்கல்லாம் நின்னு முடிச்சதும் எங்கப்பா போடுவாரு. யாருக்குப்பான்னு கேட்டா, 'நிக்குதே, போடாம எப்படி?'ம்பாரு."

அவர் போட்டோவையே பார்த்தார். அத்தையின் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"நீ போடறதில்லையாடா?... உன் மக நல்லா இருக்காளா?"

அதுதான் அந்த ஏரிக்கரை ஓட்டம்.

வீட்டுக்குள் ஈரச்செருப்போடு ஓடினார். மகள் அம்மா மடியில் கண் மூடிக் கிடந்தாள். பென்சிலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு நிலைக்காலின் முன் மண்டியிட்டார். கடவுளை நினைத்துக்கொண்டார்.

"வா கண்ணு. நீயும் வந்து நில்லு. உன்னை விட்டுட்டேன்... தப்புதான்."

டக்... டக்.

சின்னக் குதிகால்கள் மரத்தில் சேர்கிற சத்தம். அவர் கண்ணெதிரே யாரும் இல்லை. அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தையின் ஈரத்தலை வாசனை மட்டும் வந்தது. ஸ்கேலை இறக்கினார். பழைய உயரத்தில்... மெத்தென்று எதன் மேலோ நின்றது. கோட்டைப் போட்டார்.

அவருடைய முன்னோர்கள் அத்தோடு நகர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இவர் நகரவில்லை. எந்தப் பிள்ளையை அளந்தாலும் ஒரு வார்த்தை சொல்வோம் இல்லையா, அதை மனசாரச் சொன்னார்.

"அடுத்த வருஷம் இன்னும் வளந்து நிக்கணும், சரியா?"

மறுவாரம் மகளுக்கு நகம் வெட்ட வேண்டியிருந்தது. பல் முளைத்தது. வாயாடித்தனமும் திரும்பியது. ஓரமாக நிற்கிற யாரையும் 'நீயும் வா' என்று கூப்பிடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? கடவுள் அதைத்தான் பார்க்கிறார் என்று நான் நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன். ஆனாலும்...

அடுத்த பிறந்தநாளில் மகளை அளந்தார். நன்றாக வளர்ந்திருந்தாள். அவளை விளையாட அனுப்பிவிட்டுத் தனியாக மண்டியிட்டார்.

டக்... டக்.

போன வருஷம் போட்ட எழுத்தில்லாத கோட்டைப் பார்த்தபடியே ஸ்கேலை மெல்ல இறக்கினார்.

ஸ்கேல் அந்தக் கோடு வரை இறங்கவில்லை.