இன்னும் பிறக்காத மாப்பிள்ளை

பிள்ளைகளே, பல்லாவரத்திலிருந்து பொழிச்சலூர் போகும் ஷேர் ஆட்டோவில் இதைக் கேட்டேன். மடியில் புது லேப்டாப்போடு ஒரு ஜோசியர். பக்கத்தில் அதைச் சரிசெய்ய வந்த கம்ப்யூட்டர்காரர்.

"மாப்பிள்ளை இன்னும் பொறக்கவே இல்லன்னு காட்டுது தம்பி!" என்றார் ஜோசியர்.

"உங்க ஜாதக சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு சார். புது விண்டோஸுக்கும் அதுக்கும் பொருத்தமே இல்ல."

"பரிகாரம் எதுவும் இல்லையா?"

"பண்ணிட்டேனே! லேப்டாப் தேதியைத் தொண்ணூத்தொம்பதுக்குப் பின்னாடி தள்ளி வெச்சேன். அப்பதான் ஓடுது."

"பையன் ரெண்டாயிரத்துல பொறந்தவன்யா! பத்து மணிக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் பொருத்தம் பார்க்க வராங்க. இன்னிக்குச் சொல்லலன்னா வேற ஜோசியர்கிட்ட போயிடுவாங்க."

"பஞ்சாங்கத்தை வெச்சுக் கையால கணிச்சுடுங்க சார்."

ஜோசியர் குரலைத் தாழ்த்தினார். "அது தெரிஞ்சா உன்னை எதுக்குய்யா கூப்பிடறேன்?"

"அப்போ அவங்களுக்கு இன்னா பதில் சொல்வீங்க?"

ஜோசியர் லேப்டாப்பை மூடினார்.

"நேரம் சரியில்ல, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றேன். பொய்யும் இல்லியே!"