சிவப்பாகாத வரிசை

இந்த விசாரணை அறை மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், ஐயா. பழுதைக் கண்டால் சொல்லாமல் இருக்க முடியாது எனக்கு.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருப்புக் கணக்கு என் பொறுப்பு. காலாவதியான மருந்தின் வரிசையைத் திரையில் சிவப்பாக்கும் மேக்ரோவை, அதாவது சின்னக் கணினி நிரலை, எழுதியது நான்தான். அது வந்தபிறகு பெட்டியில் அச்சிட்ட தேதியை ஒருவரும் படிப்பதில்லை. சிவப்பு இல்லையென்றால் மருந்து நல்லது. அதுதான் எங்களுக்கு வேதவாக்கு.

அதை முதலில் ஓட்டிய அன்றே கோளாறு தெரிந்துவிட்டது. தேதியை நாங்கள் நாள், மாதம் என்ற வரிசையில் தட்டுவோம். மேக்ரோ இரண்டையும் இடம் மாற்றிவிட்டது. மார்ச் பதினொன்றில் முடியும் மருந்து, நவம்பர் மூன்று வரை நல்லதாகிவிடும். பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் தப்பின. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே. ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

சொல்லத்தான் போனேன். "மேடம், அந்த மேக்ரோல..." என்று தொடங்கியதுமே தலைமை மருந்தாளர், "கலர் அடிக்கிற வேலை இன்னுமா முடியல? வாய மூடிட்டுப் போய் உக்காருப்பா" என்றார். கிடங்கே சிரித்தது. சரி, மூடிக்கொண்டேன். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை.

மூன்றாம் வார்டில் மூச்சுத் திணறலோடு வந்த பெண்ணுக்குப் போட்ட ஊசி வேலை செய்யவில்லை. இறந்துபோனாள். அவளுடைய அண்ணன் கிடங்கு வாசலில் நின்று, "யாராவது ஒருத்தர் தேதிய பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளைக் கொன்றது கணினியின் பிடிவாதமும் மேடத்தின் திமிரும். பழியை என் தலையில் கட்டப் பார்க்காதீர்கள். எந்தப் பெட்டி கெட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண் இறந்ததற்கு முந்தின நாள் என் மகளும் அதே வார்டில்தான் இருந்தாள். அவளுக்கும் அதே ஊசிதான் எழுதினார்கள். திரையில் சிவப்பு இல்லை. இருந்தாலும் நானே அலமாரிக்குப் போய்ப் பார்த்தேன். கைக்கு வந்த முதல் பெட்டி மார்ச்சிலேயே முடிந்திருந்தது. பின்னாலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். பெற்ற தகப்பன் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்? முதல் பெட்டியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.